பத்து நாள் ஜப்பான்: அப்பா அம்மாவோடு போகும்போது எதை விடுவது?

நவம்பர் நடுவில் பத்து நாள். அப்பாவுக்கு 66 வயது, வலது முழங்காலில் வலி. அம்மாவுக்கு 62, முட்டைகூடத் தொடாத சைவம். டோக்கியோ, ஃபுஜி, ஹகோனே, ஷிராகவா-கோ, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா, முடிந்தால் ஹொக்கைடோ என்று ஒன்பது பெயரை எழுதி, “இதில் எதை விடலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது. “படத்தில் பார்க்கிற அந்த அமைதியான ஜப்பான் நேரில் கிடைக்குமா, இல்லை கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோமா?” அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். அதைச் சொல்லிவிட்டால் எதை விடுவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

நகோயாவில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டுகிற வேலை என் தலையில்தான் விழும். என் அப்பா அம்மா இரண்டு முறை வந்தார்கள். முதல் முறை நான் போட்ட பட்டியலும் உங்களுடையதைப் போலத்தான் இருந்தது: ஏழு நாளில் ஆறு ஊர். தினமும் காலையில் பெட்டி கட்டு, ரயில் பிடி, லாக்கர் தேடு, பார், படம் எடு, அடுத்த ரயில். ஐந்தாம் நாள் இரவு ஒசாகாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அம்மா சொன்னாள்: “ஊரைச் சுத்திப் பாத்தமோ இல்லியோ, ஸ்டேஷனை நல்லா சுத்திப் பாத்தாச்சு.” இரண்டாம் முறை பத்து நாளுக்கு நான்கே இடம் போட்டேன். இன்றைக்கும் வீட்டில் ஜப்பான் என்று பேச்செடுத்தால் அந்த இரண்டாம் பயணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

காரணம் எளியது. அங்கே பெயர்பெற்ற காட்சியிடங்களில் பெரும்பாலானவை காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கானவை. நாலரைக்குக் கடைசி பஸ் போனதும் அதே தெரு வேறு தெருவாகிவிடும். படத்தில் நீங்கள் பார்க்கிற ஆளில்லாத ஊர் பொய்யில்லை. அந்த ஊரிலேயே இரவு தங்கியவன் காலை ஆறு மணிக்கு எடுத்த படம் அது, அவ்வளவுதான். நவம்பரில் இது இன்னும் முக்கியம். கியோட்டோவில் அந்த மாதம் சூரியன் மாலை ஐந்துக்கு முன்பே விழுந்துவிடும். கோயில்கள் பல நாலரை, ஐந்துக்குள் வாசலை அடைத்துவிடும். மதியம் ஒரு ஊரில் இறங்கி “கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டுப் போலாம்” என்றீர்களானால் அன்றைய நாள் முடிந்தது.

அதனால் முதலில் அடிக்க வேண்டிய பெயர் ஹொக்கைடோ. நவம்பர் நடு என்பது அந்தத் தீவுக்கு ரெண்டுங்கெட்டான் காலம். அங்கே மலைகளில் இலை சிவப்பது செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். நீங்கள் போகும்போது மரங்கள் மொட்டையாக நிற்கும், பனியும் இன்னும் நிலைத்திருக்காது. படங்களில் வரும் ஊதா நிற லாவண்டர் வயல் ஜூலை மாதச் சமாச்சாரம். அடுத்தது ஷிராகவா-கோ. இதை அடிக்கும்போது எனக்கே கை நடுங்குகிறது. கூப்பிய கைகளைப் போல 60 பாகை சரிவில் நிற்கும் புல் வேய்ந்த கூரை வீடுகள் அவை. மேல்தளத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூரை மாற்றும் நாளில் ஊரே கூடிக் கைகொடுக்கும். 1995ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனால் உங்கள் மனதில் இருக்கும் படம் ஜனவரி, பிப்ரவரிப் பனிக்காலத்துடையது. நவம்பரில், பகலில் மூன்று மணி நேரம் இறங்கிப் பார்த்தால் கூரைகளைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஹகோனே அழகுதான், ஆனால் ஃபுஜியைப் பார்க்க ஒரே பயணத்தில் இரண்டு ஊர் எதற்கு? ஹிரோஷிமாவை விடச் சொல்வது எனக்குச் சங்கடம்தான். அமைதி நினைவகம் மனிதன் ஒருமுறையாவது போக வேண்டிய இடம். ஆனால் கியோட்டோவிலிருந்து ஓடிப்போய் ஓடி வருகிற இடமில்லை அது. பக்கத்திலேயே மியாஜிமா தீவில் கடலுக்குள் நிற்கும் சிவப்புத் தோரணவாயிலையும் ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்கு ஓர் இரவு தேவை. அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது: டோக்கியோவில் இரண்டு இரவு, ஃபுஜி அடிவாரத்தில் ஏரிக்கரை ஊரான கவாகுச்சிகோவில் இரண்டு, கிசோ பள்ளத்தாக்கில் ஒன்று, கியோட்டோவில் மூன்று, கோயாசான் மலையில் ஒன்று. ஆக ஒன்பது இரவு. டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் ஏறுகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். திரும்ப டோக்கியோவுக்கு வரும் அரை நாளும் ஆளுக்குச் சுமார் 14,000 யென்னும் மிச்சம். சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாங்காங் வழியாகப் போகிறவர்களுக்கு இப்படி எடுப்பதில் விலை பெரிதாக ஏறுவதில்லை. ஜேஆர் பாஸ், அதாவது ஒரே விலையில் இத்தனை நாள் என்று ரயிலில் சுற்றுகிற சீட்டு, வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்குத் தாவியது. அதற்கு முந்தைய வீடியோக்களைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. இந்தச் சுற்றுக்குத் தனித்தனி டிக்கெட்தான் லாபம்.

டோக்கியோவைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. முதல் நாள் விமானக் களைப்பு, இரண்டாம் நாள் அசகுசா, ஒரு பூங்கா, ஷிபுயாவின் அந்த நாற்சந்தி, போதும். அங்கே ஒரு வேலையை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். கிளம்புகிற காலையில் பெரிய பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பில் கொடுத்து, கியோட்டோ ஹோட்டல் முகவரிக்கு ‘தக்யூபின்’ போடச் சொல்லுங்கள். குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் கருப்புப் பூனைச் சின்னம் போட்ட வண்டி வந்து எடுத்துப் போகும். எந்தத் தேதியில் சேர வேண்டும் என்று படிவத்தில் குறிக்கலாம். பெட்டிக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் யென் ஆகும். நீங்கள் மூன்று நாள் துணியோடு ஆளுக்கொரு தோள்பை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் போகலாம். மூட்டு வலிக்காரரை வைத்துக்கொண்டு ஜப்பான் சுற்றுவதற்கு இதைவிடப் பெரிய உதவி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. முதல் பயணத்தில் இது தெரியாமல் இருபத்து மூன்று கிலோ பெட்டியை நான் படிக்கட்டுகளில் தூக்கியது என் இடுப்புக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஃபுஜி தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு ‘தெரியும்’ என்று உறுதி சொல்கிறவரை நம்பாதீர்கள். 3,776 மீட்டர் உயரம் தனியாக நிற்கும் மலை, தன் மேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும். உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: கோடையைவிடக் குளிர்காலத்திலும், மதியத்தைவிட அதிகாலையிலும் வாய்ப்பு மிக அதிகம். நவம்பர் நல்ல மாதம். தலையில் பனி இருக்குமா என்பதிலும் சின்ன ஐயம் உண்டு. வழக்கமாக அக்டோபர் தொடக்கத்திலேயே முதல் பனி தெரிந்துவிடும். ஆனால் 2024ல் நவம்பர் 7 வரை மலை வெறுந்தலையோடு நின்றது. பதிவேடு தொடங்கிய 130 வருடத்தில் அவ்வளவு தாமதம் அதுவரை ஆனதில்லை. நவம்பர் நடுவென்றால் பெரும்பாலும் வெள்ளைத் தொப்பி இருக்கும் என்றே எதிர்பார்க்கலாம். இரண்டு இரவு போடச் சொல்வது அதற்காகத்தான். இரண்டு விடியல் கிடைக்கும். மலை பார்த்த அறையாகக் கேட்டு எடுங்கள். அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது.

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் போனபோது ஏரிக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத் திரைதான். மறுநாள் விடியலில் தண்ணீர் குடிக்க எழுந்தவள் திரைச்சீலையை விலக்கிவிட்டு, “மேகம்தான் நிக்குது, இன்னைக்கும் போச்சு” என்றாள். நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து பார்த்தேன். அவள் மேகம் என்று நினைத்ததுதான் மலை. அவள் தேடியது அடிவானத்துக்குப் பக்கத்தில். அது நின்றதோ அதற்கு வெகு மேலே, ஜன்னலின் பாதிவரை, இளஞ்சிவப்பாக. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். அதில் விசித்திரமும் ஒன்றுமில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கும் அது சாமி மலைதான். அடிவாரத்தில் இருக்கும் செங்கென் கோயில்கள் அந்த மலைத் தேவதைக்கு உரியவை. ஏழரை மணிக்கெல்லாம் மேகம் வந்து மூடிவிட்டது. அன்று பகலில் வந்து இறங்கிய பஸ் கூட்டம் ஒன்றையும் பார்க்கவில்லை.

ஐந்தடுக்குக் கோபுரமும் ஃபுஜியும் ஒன்றாகத் தெரியும் அந்தப் புகழ்பெற்ற இடத்துக்கு ஏறக்குறைய 400 படி ஏற வேண்டும். அப்பாவை அங்கே இழுக்காதீர்கள். ஏரியின் வடகரையில் மேப்பிள் மரங்கள் வரிசையாக நிற்கும் ஓடை ஓரம் ஒன்று இருக்கிறது. நவம்பரில் அது சிவந்து கிடக்கும், தரையும் சமதளம். (புல்லட் ரயிலில் டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகிற மற்றவர்களுக்கு: வலப்பக்கம், சாதாரணப் பெட்டியில் ‘E’ எழுத்திட்ட இருக்கை. கிளம்பி முக்கால் மணி நேரத்தில் ஷின்-ஃபுஜி பக்கம் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.)

அடுத்து கிசோ. இதைப் பட்டியலில் நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் கடைசி வரிக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. எடோ காலத்தில், அதாவது இன்றைய டோக்கியோ எடோ என்ற பெயரோடு இருந்தபோது, அங்கிருந்து கியோட்டோவுக்கு மலைவழியாகப் போன நடைபாதை நகசென்டோ. வழியில் 69 தங்கல் ஊர்கள். அதில் மகோமே, சுமாகோ இரண்டுக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர் பழைய பாதை இன்னும் நடக்கிற மாதிரி இருக்கிறது. சுமாகோ ஊர்க்காரர்கள் 1971ல் ஒரு முடிவெடுத்தார்கள்: வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. மின்கம்பம் கண்ணில் படாது. பகலில் பிரதான தெருவில் வண்டி வராது. கவாகுச்சிகோவிலிருந்து ஓட்சுகியிலும் ஷியோஜிரியிலும் ரயில் மாறி நகிசோவில் இறங்க வேண்டும். அரை நாள் பிடிக்கும், ஆனால் ஜன்னல் ஓரம் முழுக்க மலையும் ஆறும்தான். நகிசோவிலிருந்து சுமாகோவுக்கு பஸ்ஸில் பத்து நிமிடம்.

எட்டு கிலோமீட்டரையும் நடக்க இரண்டரை, மூன்று மணி நேரம். உங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம். மகோமே பக்கம் ஏற்றம், கணவாய் தாண்டினால் சுமாகோ வரை இறக்கம். முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி என்பது என் அப்பாவிடம் கண்ட அனுபவம்; நான் வைத்தியன் இல்லை, கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ் ஓடுகிறது. கணவாயில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பழைய தேநீர்க் கூடம் ஒன்று வரும். நீங்களும் அம்மாவும் அதுவரை போய்விட்டுத் திரும்பலாம். வழியில் அங்கங்கே மணி தொங்கும், கரடிக்குக் கேட்கிற மாதிரி அடித்துவிட்டுப் போ என்று பலகை இருக்கும். அடித்துவிட்டே போங்கள், வேடிக்கைக்கு வைத்ததில்லை அது.

அந்தத் தேநீர்க் கூடத்துக்கு என் அப்பா வலியோடேதான் வந்து சேர்ந்தார். கரிபிடித்த கூரைக்குக் கீழே, தரையில் குழித்த அடுப்பில் விறகு புகைந்துகொண்டிருந்தது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர், அப்பா வயதுதான் இருக்கும், தேநீரும் உப்பில் போட்ட காயும் கொண்டுவந்து வைத்தார். காசு கேட்பதில்லை, ஓர் உண்டியல் உண்டு. அப்பா முழங்காலைத் தடவுவதைப் பார்த்ததும் அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி ஜப்பானிய மொழியில் என்னவோ சொன்னார். அப்பா தமிழில் பதில் சொன்னார்: “மழை வந்தா எனக்கும் இப்படித்தான் சார்.” அவர் தலையை ஆட்டினார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன், இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கால் மணி நேரம் அப்படியே போனது.

மாலையில் சுமாகோ தெருவில் கடைகள் நாலரைக்கெல்லாம் மூடிவிடும். விளக்கு மங்கலாக எரியும், வீட்டு இறவாணத்தில் தோலுரித்த பெர்சிமன் பழங்கள், நாம் சீமைப் பனிச்சை என்கிறோமே, சரம் சரமாகக் காயும், எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். நீங்கள் கேட்ட ஜப்பான் அதுதான். ஆனால் அம்மாவுக்கு இங்கே சாப்பாடு சிக்கல். அந்தப் பக்கத்துச் சிறு விடுதிகளில் இரவு உணவில் ஆற்று மீன் கட்டாயம் இருக்கும், சில இடங்களில் வெட்டுக்கிளி வறுவலும் வரும். முன்பதிவின்போதே சைவம் முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுத்து, கையோடு கொண்டுபோகும் சாப்பாட்டுப் பொட்டலத்தை நம்புங்கள். ஒரு ஆறுதல், அந்த வட்டாரத்தின் ‘குரி கிண்டோன்’ என்ற இனிப்பு. கஷ்கொட்டையும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராது, இலையுதிர் காலத்தில்தான் கிடைக்கும். அம்மா பயமில்லாமல் சாப்பிடலாம்.

சாப்பாட்டுப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். ஜப்பானில் சைவத்துக்கு எதிரி இறைச்சியில்லை, ‘தாஷி’. எல்லாச் சாற்றுக்கும் அடிப்படையான வடிநீர் அது. பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் ஒரே சொல்லில் சொல்லலாம், மாசிதான். மிசோ சூப், சோபா நூடுல்ஸின் குழம்பு, காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற நீர் எல்லாவற்றிலும் இது இருக்கும். “வெஜிடேரியன்” என்று நீங்கள் சொல்லி, அவர்களும் சிரித்துத் தலையாட்டி, கறித்துண்டு இல்லாத மாசிக் குழம்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை; அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை. ஒரு தாளில் “நிகு, சகானா, தமாகோ, கட்சுவோ தாஷி, தபேராரெமாசென்” என்பதை ஜப்பானிய எழுத்தில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். கறி, மீன், முட்டை, மாசி வடிநீர் சாப்பிட முடியாது என்று பொருள். நடைமுறையில் எங்களைக் காப்பாற்றியது தயிர்சாதம். சாதாரணக் கடையில் கிண்ணச் சாதம் விற்பார்கள், அங்கேயே சூடாக்கித் தருவார்கள். மெய்ஜி புல்கேரியா என்ற 400 கிராம் டப்பாவில் சர்க்கரை போடாத தயிர் கிடைக்கும். ஊரிலிருந்து ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டு போனால் போதும். அறைக்கு அறை வெந்நீர்க் கெட்டில் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, பழம், கறி கலந்த எதையும் எடுத்துப் போகாதீர்கள். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

கியோட்டோவுக்கு வந்தால் பெட்டிகள் உங்களுக்கு முன்பே வந்து காத்திருக்கும். இலைச் சிவப்பு விஷயத்தில் ஒரு பேரம் இருக்கிறது: வண்ணம் வடக்கிலிருந்து தெற்காகவும் மேட்டிலிருந்து பள்ளமாகவும் இறங்கும். நவம்பர் நடுவில் கிசோவிலும் கோயாசானிலும் நல்ல நிறம் பார்க்கலாம், கியோட்டோ நகரத்தில் தொடக்கம்தான் இருக்கும். அங்கே உச்சம் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதல் வாரத்திலும் வரும். இரண்டும் ஒரே பயணத்தில் முழுசாகக் கிடைக்காது. உச்சத்தில் கியோட்டோ கூட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில், இது நஷ்டமில்லை என்பேன். ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரணங்களுக்கு வாசல் அடைப்பே கிடையாது. காலை ஆறரைக்குப் போனால் காலடிச் சத்தம் கேட்கும், பத்து மணிக்குப் போனால் செல்ஃபி குச்சி முகத்தில் இடிக்கும். மேலே ஏற ஏறப் படிதான், அப்பா கீழ்வரிசையோடு நிறுத்திக்கொள்ளட்டும். கியோமிசு-தேரா கோயில் காலை ஆறு மணிக்கே திறக்கும். அப்பாவுக்கு ஏற்ற நடை, ‘தத்துவவாதியின் பாதை’ என்ற இரண்டு கிலோமீட்டர் வாய்க்கால் ஓரம். நகரப் பேருந்தில் நெரிசல் அதிகம், முடிந்தவரை ரயிலில் போங்கள்.

நாராவுக்கு ஒரு காலைப்பொழுது போதும். 15 மீட்டர் உயரப் பெரிய புத்தருக்கு 752ல் கண் திறந்த சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. ஜப்பானியப் பதிவுகள் அவரைத் தென்னிந்தியர் என்கின்றன. அவர் மதுரைக்காரர் என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் ஆசைதான், ஆனால் அதைச் சான்றாக எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் சண்டை போடாதீர்கள்.

கடைசி இரவுக்கு கோயாசான். உங்கள் அம்மாவுக்காகவே உண்டாக்கிய மலை என்று சொல்வேன். ஒசாகாவின் நம்பாவிலிருந்து நான்கை ரயில், முடிவில் மலையேறும் கேபிள் கார். சுமார் 800 மீட்டர் உயரத்தில், கூகாய் என்ற துறவி 816ல் அரசரிடம் கேட்டு வாங்கிய இடம். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் இரவு தங்கலாம். அங்கே பரிமாறும் ‘ஷோஜின்’ உணவில் கறி, மீன், முட்டை இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை, தாஷியும் கடற்பாசியிலும் காளானிலும் எடுத்தது. எள்ளை அரைத்துச் செய்யும் ‘கோமா தோஃபு’ வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும். பத்து நாளில் முதல் முறையாக என் அம்மா எதையும் கேட்காமல், முகர்ந்து பார்க்காமல், தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டாள்.

ஒகுனோயின் என்ற மயானப் பாதை இரண்டு கிலோமீட்டர். வானுயர ஊசியிலை மரங்களின் நடுவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஐந்து கல்லை அடுக்கிய தூண்களை எங்கும் பார்ப்பீர்கள்: நிலம், நீர், தீ, காற்று, வெளி. நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முடிவில் கூகாயின் சன்னிதி. 835ல் அவர் இறக்கவில்லை, தியானத்தில் அமர்ந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்மூர் ஜீவசமாதி மாதிரி. இன்றும் நாளுக்கு இரண்டு வேளை அவருக்கு மரப்பெட்டியில் சாப்பாடு எடுத்துப் போகிறார்கள். அப்பாவுக்கு முழுப்பாதை முடியாதென்றால் பஸ்ஸில் மறுபக்கம் இறங்கினால் பாதித் தூரம்தான். அந்தப் பக்கத்தில் கம்பெனிகள் எழுப்பிய நினைவுக்கற்கள் இருக்கின்றன. ஒன்று ராக்கெட் வடிவம். இன்னொன்று, கொன்ற கரையான்களுக்காகக் கரையான் ஒழிப்புச் சங்கத்தார் வைத்தது. என் அப்பா அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்.

காலை ஆறு மணிக்குப் பூசை. சில கோயில்களில் தீ வளர்ப்பார்கள். ‘கோமா’ என்பார்கள் (எள்ளும் அதே உச்சரிப்புதான், வேறு சொல்). நம்முடைய ஹோமம்தான், சமஸ்கிருதத்திலிருந்து சீனம் வழியே வந்தது. ஜப்பானிய எழுத்து வரிசையைக் கேட்டாலும் உங்களுக்குத் தெரிந்த ஓசை கேட்கும்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந என்று போய் ம, ய, ர, வ என்று முடியும். சமஸ்கிருத ஒலியியலைப் படித்த பௌத்தத் துறவிகளால் அமைந்த வரிசை என்பது பரவலாக ஏற்கப்பட்டது. ஹிரகனா எழுத்துகளைக் கூகாயே உண்டாக்கினார் என்பார்கள். அது வழிவழியாக வந்த கதை, அறிஞர்கள் ஏற்பதில்லை. விமானத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த எழுத்துகளில் பாதியைப் பிடித்துவிடலாம். ஸ்டேஷன் பெயர் வாசிக்க உதவும்.

மலையில் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளி உள்ளாடை, குல்லா, கனமான காலுறை மூன்று பேருக்கும் வேண்டும். விமானம் இரவில் என்றால் அன்றே மலையிறங்கி கன்சாய் போய்விடலாம்; காலை விமானம் என்றால் கியோட்டோவில் ஒரு இரவைக் குறைத்து ஒசாகாவுக்குக் கொடுங்கள். பெட்டிகளைக் கியோட்டோவிலிருந்து நேரே விமான நிலையத்துக்கே அனுப்பலாம்; இரண்டு நாள் முன்னதாகப் போடுங்கள்.

நான் ஊர் திரும்பி நாலு வருடமாகிறது. அதனால் பஸ் நேரம், கட்டணம் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊர்களின் அமைப்பும் பருவமும் மாறியிருக்காது. முதலில் பதிவு செய்ய வேண்டியவை விமானமோ டோக்கியோ ஹோட்டலோ இல்லை. சுமாகோ அறையும் கோயாசான் கோயில் அறையும்தான், இரண்டிலும் அறைகள் கொஞ்சம். அவை கிடைத்த தேதியைச் சுற்றி மற்றதை அடுக்குங்கள். கோயிலுக்கு எழுதும்போதே, தரையில் மடித்து உட்கார முடியாத ஒருவர் வருகிறார், சாப்பிடும்போதும் பூசையின்போதும் ஒரு நாற்காலி வேண்டும் என்று குறிப்பிட்டுவிடுங்கள். கேட்டால் கொண்டுவந்து போடுவார்கள். நான் கேட்க மறந்து, அப்பா ஒரு மணி நேரம் தூணில் சாய்ந்தபடி ஹோமம் பார்த்தார்.